பாராளுமன்றத்துக்குப் போன பேணி

கடலைக் கடக்கிற சாமானுக்கு ஒரு பத்திரம் வேண்டும் என்றார்கள். சரி, எடுக்கலாம். எங்கே எடுப்பது என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் என்றார்கள். அதாவது கடலைக் கடப்பதற்கு அனுமதி எடுக்க முதலில் கடலைக் கடக்க வேண்டும். இந்தப் பகிடியைக் கண்டுபிடித்தவர் நெடுந்தீவைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று அன்றைக்கே வீட்டில் நின்று கத்தினேன்.

"என்னோடை கத்தி என்ன பிரியோசனம்? கடலோடை போய்க் கத்துங்கோ. அதுக்காவது பொறுமை இருக்கு" என்றாள் என் மனுசி லூர்த்தம்மா.

என் பெயர் கிறிஸ்ரோபர். பிறந்தது குருநகர், கலியாணம் செய்தது நெடுந்தீவு. தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் இடையில் 'செபமாலை மாதா' என்ற படகை ஓட்டுகிறேன். ஆட்களையும் ஏற்றுவேன், அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றுவேன்.

நெடுந்தீவாரிடம் ஒரு பழக்கம் உண்டு. குருநகரில் பிறந்த எனக்கு அது பிடிபடவே சில வருடம் எடுத்தது. படகில் ஏறுகிற ஒருவரும் தம்முடைய பொதியைத் தாமே வைத்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. குறிகட்டுவானில் இறங்கியபின் ஆளுக்கொரு திசை. தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குக் கிளினிக் போகிற ஒருத்தி, பருத்தித்துறையில் இருக்கும் தங்கைக்கு எப்படிக் கருவாடு கொண்டுபோய்க் கொடுப்பாள்? அதைப் பருத்தித்துறைக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுவாள். அவர் தெல்லிப்பழைக்கு அனுப்ப நினைத்த நெய்ப் போத்தலை அவளிடம் கொடுப்பார். படகு கரை தட்டுவதற்குள் எல்லாச் சாமானும் கைமாறி, போகிற திசைப்படி பிரிந்துவிடும். தபால் கந்தோர்க்காரர் வந்து படிக்க வேண்டிய வித்தை அது.

பயணம் போகாதவர்களும் துறைக்கு வந்து, போகிறவர் கையில் எதையாவது திணித்துவிட்டுப் போவார்கள். கூலி கிடையாது, ரசீது கிடையாது. ஒரு பொதி தொலைந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் மகள் றஜிதா கொழும்பில் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்து லூர்த்தம்மா ஒரு பிஸ்கட் தகரப் பேணி நிறையப் பொரிவிளாங்காய் உருண்டையும் இறால் கருவாட்டுச் சம்பலும் மாதாமாதம் அனுப்பி வந்தாள். அது எத்தனை கை மாறிக் கொழும்பு போகிறது என்று எனக்கே தெரியாது. போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விதி அரசாங்க வர்த்தமானியில் வந்தது. பீடி இலையும் மஞ்சளும் கள்ளமாய்க் கரையேறுகிறதாம். அதனால் நாட்டுக்குள்ளேயே ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகில் போகிற எந்தச் சாமானுக்கும் சுங்கப் பத்திரம் வேண்டும். பயணி கையில் கொண்டுபோகும் சொந்தப் பொருளுக்கு மட்டும் விலக்கு. எழுதியவருக்கு அது பெரிய சலுகையாகத் தெரிந்திருக்கும். சொந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கிற ஆளே எங்கள் படகில் கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இறங்குதுறைக்குக் கோபிசங்கர் என்ற சுங்கப் பொடியனை அனுப்பினார்கள். சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கடல் கொஞ்சம் ஆடினாலே, கரையில் நிற்கிற அவனுக்குத் தலை சுற்றும். மரியாதையான பொடியன்தான், ஆனால் சட்டம் என்றால் இம்மியும் அசையமாட்டான். ஒவ்வொருவராக நிறுத்தி, "உது உங்கடையோ?" என்று கேட்பான். "இல்லைத் தம்பி, உது இன்னாரின்ரை" என்று எங்கள் சனம் சந்தோசமாகச் சொல்லும். பொதி நேரே பூட்டிய அறைக்குள் போய்விடும்.

கொஞ்ச நாளில் சனம் பொதி கொண்டுவருவதை நிறுத்தியது. பிறகு பயணத்தையே குறைத்தது. கருவாடும் இல்லாமல் நெய்யும் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக யாருக்கு மனம் வரும்? படகில் பாதி இருக்கை காலி. மன்னாரிலிருந்து ஒருவர் வந்து என்ஜினைத் தட்டிப் பார்த்து, "விக்கிறதெண்டால் சொல்லுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்தப் படகில்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஒரு செய்தி வந்தது. விதி நடைமுறைக்கு வந்துவிட்டாலும் பாராளுமன்றம் இன்னும் அதை அங்கீகரிக்கவில்லையாம். அங்கீகரிக்க முதல் பாராளுமன்றக் குழு ஒன்று குறிகட்டுவானுக்கு நேரில் வந்து பார்க்கப் போகிறதாம். மன்னார்க்காரருக்குப் போனில் கோல் எடுத்து, குழு வந்து போனபிறகு முடிவு சொல்கிறேன் என்றேன்.

நான் ஒரு திட்டம் போட்டேன். விதியையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் பெரிய இடத்தோடு மோதுவதாகும். பத்திரத்தை நெடுந்தீவிலேயே கொடுங்கள் என்று மட்டும் கேட்கலாம். அதற்கு நாங்கள் சட்டத்துக்கு அடங்கிய சனம் என்று அவர்கள் கண்ணால் காண வேண்டும். ஆகவே அன்றைக்குப் படகு நிறைய ஆட்கள் வரவேண்டும், ஆளுக்கொரு பொதி கொண்டுவர வேண்டும், அவரவர் பொதி அவரவர் கையில் இருக்க வேண்டும். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னேன்.

"ஓம் ஓம்" என்றார்கள்.

நெடுந்தீவாரின் 'ஓம்' பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். அது சம்மதம் இல்லை. நீ சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

அன்று காலை கடல் குளம் மாதிரிக் கிடந்தது. படகு நிறைந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கருவாட்டு மணத்தோடு ஓடியபோது எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. குறிகட்டுவான் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். கிளினிக்குக்குப் போகிற செல்வநாயகியின் மடியில் நெய்ப் போத்தல் இருந்தது. அது அவளுடையது இல்லை. கோயில் மூப்பர் நீக்கிலாப்பிள்ளையின் காலடியில் கருவாட்டுப் பை. அது அவருடையது இல்லை. அவர் கக்கத்தில் ஒரு பிஸ்கட் பேணி. அது என் வீட்டுப் பேணி!

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்!" என்று கத்தினேன்.

எல்லாரும் தங்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. கைக்குப் பழகிய வேலையைக் கைதான் செய்திருக்கிறது, மனதுக்குச் செய்தி போகவில்லை.

"லூர்த்தம்மா துறையிலை வைச்சுத் தந்தவ" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கொழும்புப் பக்கம் போற ஆரும் கிடைச்சால் குடுத்துவிடட்டாம்."

இனி மாற்ற நேரம் இல்லை. கரையில் வாகனங்கள் நிற்பது தெரிந்தது. "சரி, கேட்டால் 'என்ரை' எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே!" என்றேன்.

"ஓம் ஓம்" என்றார்கள்.

இறங்குதுறையில் குழு நின்றது. தலைவி தெற்கே மாத்தறைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர். பருத்திச் சேலை கட்டி, காலில் ஓட்டச் சப்பாத்து போட்டிருந்தார். கூட வந்த கனவான்கள் நிழல் தேடிப் போக, அவர் மட்டும் வெயிலில் நின்றார். சிங்களத்தைத் தமிழாக்க மாவட்டக் கச்சேரி அலுவலகத்திலிருந்து தர்சிகா என்ற பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார்கள். கோபிசங்கர் கழுவிய சட்டையோடு விறைத்துப்போய் நின்றான்.

"வழமையாச் செய்யிறதை அப்பிடியே செய்து காட்டட்டாம்" என்றாள் தர்சிகா.

முதலில் இறங்கியவர் நீக்கிலாப்பிள்ளை. வேறு யாராவது இறங்கியிருக்கக் கூடாதா?

"ஐயா, உந்தக் கருவாடு உங்கடையோ?"

மூப்பர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். இன்னொருவர் ஒப்படைத்த பொருளை 'என்ரை' என்று சொன்னவனைத் திரும்பும் பயணத்தில் கடல் விசாரிக்கும் என்பது தீவாரின் நம்பிக்கை. குருநகரில் பிறந்தவனுக்கு அது எங்கே நினைவில் நிற்கப் போகிறது.

"இல்லைத் தம்பி" என்றார். "உது செல்வநாயகியின்ரை. கிறிஸ்ரோபர் 'என்ரை' எண்டு சொல்லச் சொன்னவர்தான். எனக்கு வாய் வரேல்லை."

தர்சிகா அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். தலைவி திரும்பி என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் முகம் எப்படி இருக்குமோ, என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவராக இறங்கி, தங்கள் கையில் இருப்பது யாருடையது, யாருக்குப் போகிறது, அந்த ஆளுக்கு இப்போது சுகம் எப்படி என்பதுவரை சொன்னார்கள். கோபிசங்கர் வியர்க்க வியர்க்க ஒவ்வொன்றையும் வாங்கித் தரையில் வைத்தான். பைகளும் போத்தல்களும் கால் கட்டிய கோழிகளும் தலைவியின் சப்பாத்துவரை குவிந்தன.

தலைவி குவியலைப் பார்த்தார். பிறகு என்னவோ கேட்டார்.

"இதுகளின்ரை சொந்தக்காரர் எங்கை எண்டு கேக்கிறா" என்றாள் தர்சிகா.

"இஞ்சைதான் நிக்கிறம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தலைவிக்கு அது பெரிய ஆறுதல். அப்படியானால் பிரச்சினையே இல்லையே! அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும், விதிப்படி எல்லாம் சரியாகிவிடும் என்றார். கோபிசங்கரும் தலையாட்டினான். நானும், அட, உண்மைதானே என்று நினைத்தேன். ஆழம் அறியாமல் காலை விட்டோம்.

குவியலைச் சுற்றிச் சனம் கூடியது. அங்கே கொடு, இங்கே வாங்கு என்று ஒரே அமளி. ஒரு கோழி கட்டவிழ்ந்து குழு உறுப்பினர் ஒருவரின் காருக்குக் கீழே ஓடியது, அதைப் பிடிக்க அவரும் குனிந்தார். கடைசியில் எல்லார் கையிலும் சொந்தச் சாமான் வந்து சேர்ந்தது. சட்டம் முழுமையாக நிறைவேறியது. ஆனால் ஒருவரும் அசையவில்லை.

பஸ் ஹோர்ன் அடித்தது. அப்போதும் அசையவில்லை.

"ஏன் நிக்கினம்?" என்று தலைவி தர்சிகாவைக் கொண்டு கேட்க வைத்தார்.

செல்வநாயகி கருவாட்டுப் பையைத் தூக்கிக் காட்டினாள். "நான் இதைக் கொண்டு கிளினிக்குக்குப் போறதோ பிள்ளை? மணத்துக்கு டொக்ரர் என்னை வாசலாலை துரத்துவார். இது பருத்தித்துறையிலை தங்கச்சிக்கு."

"எனக்கு நெய் என்னத்துக்கு?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "நான் பருத்தித்துறைக்குப் போறன். இது தெல்லிப்பழையிலை பிள்ளை பெத்திருக்கிற மருமகளுக்கு. செல்வநாயகி அந்த ஆசுப்பத்திரிக்குத்தானே போறா!"

தர்சிகா சொல்லி முடித்ததும் தலைவி சனத்தின் பக்கம் திரும்பினார். சொந்தப் பொருளைச் சொந்தக் கையில் பிடித்தபடி, போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் நிற்கிற அத்தனை பேரையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் இளக்காரம் இல்லை. அதனால் எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

குவியல் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சிக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பிஸ்கட் பேணி. அதன் சொந்தக்காரி தீவில் இருக்கிறாள், அதை எடுக்க ஆளில்லை.

நீக்கிலாப்பிள்ளை போய் அதை எடுத்தார். எடுத்தவர் கோபிசங்கரிடம் கொடுத்திருக்கலாம், என்னிடம் தந்திருக்கலாம். நேரே தலைவியிடம் போனார்.

"அம்மா கொழும்புக்குத்தானே போறியள்? உதையும் கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோவன். லூர்த்தம்மாவின்ரை பெட்டை அங்கை நர்ஸ் படிக்குது."

நான் தலையில் கை வைத்தேன். தர்சிகா இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று நின்றாள். தலைவி விடவில்லை, சொல்லச் சொன்னார். சொன்னதும் மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் பேணியை வாங்கிக்கொண்டார். மூடியில் ஒட்டியிருந்த விலாசத்தைத் தடவிப் பார்த்தார். அவர் ஊரிலும் அம்மாமார் இப்படித்தான் பேணி கட்டி அனுப்புவார்கள் போலும்.

அவர் காரை நோக்கி நடக்க, கோபிசங்கர் குறுக்கே வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. அன்றைக்குக் கடலில் அலைகூட இல்லை.

"மேடம், உது உங்கடையோ?"

கூட வந்த கனவான்கள் பேயறைந்தது போல நின்றார்கள். தலைவி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அன்று காலை முழுக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு சொல்லை, தர்சிகாவின் உதவி இல்லாமல் அவரே சொன்னார்.

"இல்லை. லூர்த்தம்மா."

"அப்ப நான் இதை மறிக்கவேணும், மேடம்."

"மறியுங்கோ" என்று சொல்ல வைத்தார் தலைவி. "மறிச்சதுக்கு ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

அவன் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தான். அவர் அந்தத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். போகும்போது அவன் தோளில் தட்டி ஒன்று சொன்னார். இந்தப் பிள்ளையில் பிழை இல்லை, எழுத்தில்தான் பிழை என்று சொன்னதாகத் தர்சிகா பிறகு என்னிடம் சொன்னாள்.

கார்கள் போய் மறைந்ததும் கோபிசங்கர் கடல் பக்கம் திரும்பி நின்றான். எங்கள் சனம் அவனுக்குத் தெரியாமல் நெய்யையும் கருவாட்டையும் திரும்பக் கைமாற்றிக்கொண்டு பஸ் ஏறியது. அவனுக்குத் தெரியாமல் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். லூர்த்தம்மா சிரித்து முடிய, "எங்கடை சனத்துக்குப் பொய் சொல்லிக் குடுக்க நீங்கள் ஆர்?" என்று கேட்டாள். படகை விற்க வேண்டி வருமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

சோளகக் காற்றுப் பெயர்ந்து வீசத் தொடங்கிய நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. படகு கரை தட்ட முதலே கோபிசங்கர் துறை நுனிக்கு ஓடி வந்து இரண்டு கையையும் வீசிக் கத்தினான். குழு அந்த விதியை அப்படியே அங்கீகரிக்க மறுத்துத் திருப்பி அனுப்பியதாம். புதிய எழுத்தில், விற்பனைக்கில்லாத பொதி யாருடையதாய் இருந்தாலும், யார் கையில் இருந்தாலும், பத்திரம் வேண்டாம். குழுக் கூட்டத்தில் அந்தத் தலைவி தன் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தாராம். அதற்கு மேல் பெரிய வாதம் நடக்கவில்லையாம்.

நான் என்ஜினை நிறுத்திவிட்டு, அந்த இடத்திலேயே மன்னார்க்காரருக்குக் கோல் எடுத்தேன். "படகு விக்கிறேல்லை" என்றேன்.

மறித்து வைத்த பேணியைக் கோபிசங்கர் தூசி தட்டித் தந்தான். லூர்த்தம்மா பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாய்ப் பொரிவிளாங்காய் பிடித்து நிரப்பினாள். நான் அதை வழமைபோலக் கொழும்புக்கு அனுப்பப் பார்க்க, நீக்கிலாப்பிள்ளை குறுக்கே நின்றார்.

"அதெப்பிடி? பேணி அந்த அம்மாவின்ரை கையிலை குடுத்தது. அவவும் ஏத்துக்கொண்டவ. ஏத்தவதான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

தீவு முழுக்க அவர் பக்கம். வேறு என்ன செய்ய? பேணி பாராளுமன்றத்துக்குப் போனது. குறிகட்டுவானில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கொழும்பு பஸ் கண்டக்டர் ஒருவர் என்று கைமாறிப் போய், பாராளுமன்ற வாசலில் காவலர்கள் இது யாருடையது என்று கேட்க, கொண்டுபோன ஆள் தன்னுடையது இல்லை என்று பெருமையாகச் சொல்ல, அங்கே பெரிய கலவரமாகிவிட்டதாம். தலைவியே வாசலுக்கு இறங்கி வந்துதான் மீட்டாராம்.

இரண்டு நாள் கழித்து றஜிதா கோல் எடுத்தாள். "அப்பா, எங்கடை ஹொஸ்ரலுக்கு ஒரு எம்பி வந்து என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ. வோர்டன் பயந்துபோய் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. பாத்தால் அம்மான்ரை பேணி!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். லூர்த்தம்மா போனை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

போன கிழமை, செல்வநாயகி கிளினிக் முடிந்து இறங்குதுறைக்கு வந்தாள். யார் யார் கை மாறி வந்ததோ, அவள் கையில் அந்தப் பிஸ்கட் பேணி இருந்தது. பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் மாத்தறையிலும் உண்டாக்கும். உள்ளே வாழைச் சருகில் சுற்றிய கித்துள் மரத்துக் கருப்பட்டி. மூடியில், எழுதிப் பழகாத கையால் ஒவ்வொரு எழுத்தாய் வரைந்ததுபோல, தமிழில் 'லூர்த்தம்மா' என்று இருந்தது.

பேணியை வாங்கிக்கொண்டு படகில் ஏறப் போனேன். கோபிசங்கர் தன் மர வாங்கில் அமர்ந்தபடி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணை, உது உங்கடையோ?"

"இல்லைத் தம்பி" என்றேன். "என்ரை மனுசியின்ரை. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."